மூவாயிரத்து நூறு கிலோமீட்டர்

“மீட்டரைத் திருப்பி வச்சிருக்கீங்க சார்” என்றார் காப்பீட்டு அதிகாரி அம்மாள்.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. பதவி அலுவலகத்தில்தான் என்றாலும், வீட்டிலும் அவர் மேனேஜர்தான்.

பதினோரு வருடக் கார். ஒரு கீறல் இல்லை. பழைய காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த கடிதத்தில், இத்தனை வருடத்தில் ஒரு விபத்தும் இல்லை என்று முத்திரையோடு இருந்தது. மீட்டரில் மட்டும் மூவாயிரத்து நூறு கிலோமீட்டர்.

அயல்நாட்டுக்கு மாற்றல் வந்தபோது, போகிற இடத்தில் கார் தருகிறோம் என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். “தினமும் ஓட்டிப் பழகின வண்டி, பிரிய முடியாது” என்று வழியனுப்பு விழாவில் மேனேஜர் முழங்கினார். கைதட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கப்பலில் ஏற்றாமல் இருக்க முடியுமா?

இப்போது அது துறைமுகத்தில் நிற்கிறது. காப்பீட்டுத் தாள் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. இன்றோடு கெடு முடிகிறது. நாளை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்தில் மனைவி. அவளுக்குப் பக்கத்தில், இந்த ஊரிலேயே வேலை பார்க்கும் அவள் தம்பி. வருகிற வழியெல்லாம் மேனேஜர் அவனுக்கு, நெரிசலில் வண்டி ஓட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்திருந்தார்.

“பதினோரு வருஷமா தினமும் ஆபீசுக்கு ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்க. மீட்டர் அப்படிச் சொல்லலையே. மோசடின்னு எழுதிடவா?”

மேனேஜர் கூரையைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார்.

“பஸ்லதான் போனேன்.”

தினமும் காலை எட்டு மணிக்கு, தெரு முழுக்கக் கேட்கும்படி இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளம்புவார். மூன்றாவது தெருவில் மரக்கடைக்காரரின் கொட்டகையில் காரை விடுவார். அங்கிருந்து பஸ். சாயங்காலம் பஸ்ஸில் வந்து, காரை எடுத்துக்கொண்டு, மறுபடி ஹாரன் அடித்து வீடு சேர்வார். கொட்டகையைத் தாண்டினால் பெரிய ரோடு. வாங்கின வாரம் அங்கே எதிரில் ஒரு லாரி வந்தது. ஒன்றும் செய்யவில்லை, சும்மா வந்தது. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

“மாமா, வண்டிக்கு வேண்டாம், ஹாரனுக்கு இன்சூரன்ஸ் எடுங்க. அதுதான் தேஞ்சிருக்கும்” என்றான் மைத்துனன்.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. “இதுக்கு சாட்சி?”

மரக்கடைக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

“நான் இருக்கேன்” என்றாள் மனைவி. “ஒரு நாலு மாசம் அதே பஸ்ல நானும் போயிருக்கேன். இவரு பின்படியில ஏறுவாரு, நான் முன்படியில. தெரிஞ்சவங்க யாரும் பாத்துடக் கூடாதுன்னு பேப்பரை விரிச்சு மூஞ்சிய மூடிக்குவாரு. என்னை எங்க பாக்கிறது?”

அதிகாரி அம்மாளுக்கு இப்போது அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்துனன் நாற்காலியோடு குலுங்கினான். மேனேஜர் முறைக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகம், வீடு, பஸ் எங்கேயும் அவர் இப்படிச் சிரித்ததில்லை. மூச்சு வாங்கியது.

படிவம் மேசைக்கு வந்தது. கடைசிக் கட்டம் மட்டும் காலி: வாகனத்தை ஓட்டப்போகிறவர்.

மேனேஜர் பழக்கத்தில் பேனாவைத் திறந்தார். யோசித்தார். மூடினார்.

“அது கிடக்கட்டும். நாலு மாசம் அந்த பஸ்ல நீ எங்க போனே?”

மனைவி கைப்பையைத் திறந்து, ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.