கெட்டிலில் நான்கு முட்டைகள்

விடுதி அறையின் ஒற்றை ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் மேஜையில் கிடக்கிறது. தேநீர் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் கெட்டிலுக்குள் நான்கு முட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கடகடவென்று வேகின்றன. 'அறையில் சமைத்தால் உடனே காலி செய்ய வேண்டும்' என்று சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புக்கு முதுகைக் காட்டியபடி மனைவி ரொட்டியைப் பிய்க்கிறாள். ஊர் சுற்ற வந்து இது மூன்றாவது நாள். மூன்று நாளும் இதுதான் காலைச் சாப்பாடு. வயிற்றைக் கட்டினால்தான் நாளைக்குப் படகில் போக முடியும். கதவு தட்டும் சத்தம். கணவன் பதறிப்போய்க் கெட்டில் மேல் துண்டைப் போடுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். துண்டுக்கு மேலே ஆவி நிதானமாக எழுகிறது. அறை துடைக்கும் அம்மாள் உள்ளே வந்து ஒரே உதறலில் படுக்கை விரிப்பை மாற்றுகிறாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்து எடுக்கிறாள். மேஜைப் பக்கம் மட்டும் திரும்புவதே இல்லை. "சும்மா வெந்நீர் போட்டோங்க," என்கிறான் கணவன், யாரும் கேட்காமலே. "சரிங்க," என்கிறாள் அவள். மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொள்கிறாள். வாசல்வரை போன அந்த அம்மாள் திரும்பி வந்து, சட்டைப் பையைத் துழாவி, நான்கு சின்னப் பொட்டலங்களைத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். "ரெண்டு நாளா கூடையில முட்டை ஓடாத்தான் கிடக்குது. உப்புப் பொட்டலம் பிரிச்ச காகிதம் ஒண்ணுகூடக் காணோம். சப்புன்னு எப்படித்தான் சாப்பிடுறீங்களோ!"