மாடி வீட்டுப் படம்

"வெள்ளை மாடி வீடும்மா! அவ்வளவு பெரிய வீடு எங்கே போயிருக்கும்?"

ஆர்விட் கையிலிருந்த பழைய படத்தை மகள் மாரிட்டிடம் நீட்டினார். படத்தில் அவருடைய தாத்தா தொப்பியைக் கையில் பிடித்தபடி இரண்டு மாடி வீட்டின் முன்னால் நின்றிருந்தார். அமெரிக்காவில் குடியேறிய புதிதில், நார்வேயில் இருந்த தன் அம்மாவுக்கு அவர் அனுப்பிய படம் அது.

வடக்கு டகோட்டாவில் மூன்று நாளாக மழை. மினியாபொலிஸிலிருந்து வந்த கார் களிமண் சேற்றில் பாதிச் சக்கரம் வரை புதைந்து கிடந்தது. நாலு பக்கமும் வெறும் வயல், போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் இருந்தது ஒரு சாய்ந்த மரக் கொட்டகை மட்டும்தான்.

"தாத்தா நிலத்து நம்பர் சரிதான் மாமா," என்றான் மருமகன் டேல். "வீட்டைத்தான் காக்கா தூக்கிட்டுப் போயிருக்கு."

ஆர்விட் சிரிக்கவில்லை. குளிர்காலத்துக்குள் பார்வை முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். 'இங்கே வந்து முதலில் ஒரு கதவு செய்தேன்' என்று தாத்தா கடிதத்தில் எழுதியிருந்தார். கண் இருக்கும்போதே அந்தக் கதவைப் பார்த்து, ஒருமுறை தொட்டுவிட வேண்டும். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

டேல் வண்டியை முடுக்கினான். சக்கரம் சுற்றியது, சேறு தெறித்தது, கார் இன்னும் இறங்கியது.

"அடியில பலகை போட்டாத்தான் ஏறும். அந்தக் கோழிக் கொட்டகையைப் பிரிச்சிடலாமா?"

"அடுத்தவங்க பொருளுங்க," என்றாள் மாரிட்.

"விழப்போறதுதானே! யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார் ஆர்விட்.

டேல் உள்ளே எட்டிப் பார்த்தான். "சுவர் பூரா பழைய பேப்பரா ஒட்டியிருக்கு மாமா! இந்த ஊர்க் கோழிங்க பேப்பரெல்லாம் படிக்கும் போல."

சுவர்ப் பலகைகள் தொட்டதும் மக்கி உடைந்தன; கதவை மட்டும் அசைக்க முடியவில்லை. ஆர்விட்டே தோளைக் கொடுத்து முட்டி, பெயர்த்து எடுத்தார். சேற்றில் போட்டார்கள். கார் அதன்மேல் ஏறியது, படாரென்று ஒரு சத்தம், மறுபடி புதைந்தது. மூன்று பேரும் மழையில் நனைந்தபடி நின்றார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டிராக்டர் ஓட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். எண்பது வயதிருக்கும், பெயர் லொரேன்.

"நாங்க ட்வைட் குடும்பம். தாத்தா வீட்டைத் தேடி வந்தோம்," என்று படத்தைக் காட்டினார் ஆர்விட்.

லொரேன் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அட, இது எங்க தாத்தா வீடாச்சே! ரெண்டு மைல் தள்ளி இருக்கு. அந்தக் காலத்துல போட்டோக்காரர் வருஷத்துக்கு ஒருதடவைதான் வருவாராம். ஊரே எங்க வாசல்ல நின்னு படம் புடிச்சு அனுப்பும். புள்ளை நல்லா இருக்கான்னு அம்மா நம்பணும்ல?"

ஆர்விட் படத்தை மறுபடி பார்த்தார். "அப்ப... எங்க தாத்தா இருந்த வீடு? அந்தக் கதவாவது மிச்சம் இருக்கா?"

லொரேனின் சிரிப்பு நின்றது. கொட்டகையைப் பார்த்தார், பிறகு குனிந்து கார்ச் சக்கரத்தைப் பார்த்தார்.

"அது மேலதானே ஐயா வண்டியை ஏத்தி வச்சிருக்கீங்க."