ரொட்டி வண்டியின் ஹாரன்

பினாங்கில் குடும்ப ஆலோசனை அறையை மூடிவிட்டு, டத்தோ கிராமாட் பகுதிக்குக் குடிவந்த தவமணி, வீட்டிலிருந்தே தொலைபேசியில் பேச ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. நேரில் வரப் பயந்த பெண்களெல்லாம் இப்போது பேசினார்கள். இன்றைக்குக் கூப்பிட்டவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"நேத்து கழுத்த நெரிச்சிட்டாருக்கா. இன்னொரு தடவ நடந்தா நான் பிழைக்க மாட்டேன்."

"இப்ப அவரு எங்கம்மா?"

"ரொட்டி வாங்க வாசல்ல நிக்கிறாரு. இப்ப வந்துருவாரு."

"பக்கத்து வீட்டுக்கு ஓடிரும்மா."

"அங்க புதுசா யாரோ வந்திருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. என்னைய ஊமைன்னு சொல்லி வச்சிருக்காரு."

ஊமைப் பெண்டாட்டியோடு மாரடிக்கிறானே என்று, பக்கத்து வீட்டு வாசுவுக்காக எத்தனை நாள் பரிதாபப்பட்டிருக்கிறாள் தவமணி.

தெருவில் ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பியது. அதே ஹாரன், அதே நொடியில், ரிசீவருக்குள்ளும் அடித்தது.

பேச வாயெடுப்பதற்குள் கம்பிக் கதவு தட்டப்பட்டது. கையில் ரொட்டியோடு சிரித்துக்கொண்டே நின்றான் வாசு.

"அக்கா, உங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டேன்."

அந்தக் குரல் கேட்டு, ரிசீவருக்குள் மூச்சு நின்றது.

"யாருக்கா போன்ல?" என்றான் வாசு.