கை நனைக்கும் நாள்

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமா, தம்பி?"

குடையும் கைப்பையுமாக வாசலில் நின்ற ஒரு அம்மாவைப் பார்த்ததும் தினகரன் துள்ளி எழுந்தான். தண்ணீர் சோதிக்க இன்று ஒரு மேடம் வருவார் என்று பஞ்சாயத்தில் நேற்றே மைக் வைத்துச் சொல்லியிருந்தார்கள். சோதனையும் இன்றுதான், மாகறலிலிருந்து பூஜா வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதும் இன்றுதான். போட்டோவில் மட்டுமே பார்த்த பூஜா! காலையிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் அப்பா வேதாசலம் ஸ்வீட் வாங்க உத்திரமேரூர் போயிருந்தார்.

"வாங்க மேடம்! கெணத்துத் தண்ணியா, போர் தண்ணியா?"

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"கெணத்துல பூச்சிமருந்து. போர்ல கக்கூஸ்!"

அந்த அம்மாவின் குடை பாதி மடங்கியபடியே நின்றது.

"நேர்லயே பாருங்க." அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், கோயிலைச் சுற்றிக் காட்டுகிறவன் போலக் கை நீட்டினான். "மருந்து டின்னு இங்கதான் கய்வுறோம். அதோ கக்கூஸ் குழி. பத்தடி தள்ளி போர். எங்க நைனா ஐடியா! அந்தாண்ட பழைய குவாரில எவனோ லாரில கொண்டாந்து கருப்பா இன்னாத்தயோ கொட்டிட்டுப் போறான்."

"குடிச்சா இன்னா ஆவும்?"

"பக்கத்து வூட்ல இத்துல பால் பவுடர் கலக்கிக் குடுத்தாங்க. கைக்கொயந்த நீலமாப் பூடுச்சு. பெரியாஸ்பத்திரில வெச்சுத்தான் பொயைக்க வெச்சாங்க." அவன் குரல் ஒரு கணம் இறங்கி, மறுபடி பறந்தது. "பெயில்னு எய்திடுங்க மேடம்! அப்பதான் ஆத்துத் தண்ணி பைப்பு குடுப்பாங்க. எனக்குக் கல்யாணம் ஆவப்போவுது!"

"பொண்ணு வூட்டுக்கு இதெல்லாம் தெரியுமா?"

தினகரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான். "கேன் தண்ணி வாங்கிக் கொடத்துல ஊத்தி வெச்சிக்கீறாரு நைனா. அவங்க இங்க சாப்ட்டுக் கை நனைச்சாத்தான சம்மந்தம் முடிஞ்ச மாதிரி? அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்றாரு. பொண்ணோட அம்மா வேற ரொம்பக் கறாராம்."

"யாரு சொன்னது?"

"தரகருதான். அந்தம்மா தும்முனா மாகறலே எய்ந்து நிக்குமாம்!"

குடைக்குப் பின்னால் அவருடைய தோள்கள் குலுங்கின. "அப்ப நீ சொல்லமாட்ட?"

"சொல்லிடுவேன் மேடம். கட்டிக்கினு வந்து அது குடிக்கப்போற தண்ணியாச்சே! வேணாம்னு எய்ந்து போனாக்கூடப் போவட்டும்." சொல்லிவிட்டு அவன் தெருக்கோடியை எட்டிப் பார்த்தான்.

அப்போது ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கையில் பெட்டி. "வேதாசலம் வூடு இதானுங்களா? தண்ணி டெஸ்ட் பண்ணணும்."

தினகரன் அவளைப் பார்த்தான். திரும்பிக் குடைக்காரரைப் பார்த்தான். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எல்லாரையும் இட்டுக்கினு கெளம்புங்க. நம்ம பூஜாவுக்கு இதான் எடம், இன்னிக்கே கை நனைச்சிடலாம். கக்கூஸ் குழிய மாத்துன அப்பால முகூர்த்தம் வெச்சிக்கலாம். தண்ணி மட்டும் நம்ம வூட்லேர்ந்து ரெண்டு கொடம் எடுத்தாந்துடுங்க. இங்க எல்லாம் விஷமாம், மாப்ளயே சொல்லிட்டாரு!"