கண்ணாடிக்கு முதுகு காட்டி

மெஷின் இரையத் தொடங்கியதுமே அடுத்த நாற்காலிச் சிறுமி வீறிட்டாள்.

மெஷின் ஓடியது அவள் தலையில் இல்லை. அவனுடைய மகன் தலையில்.

மகன் அழவில்லை. சிவப்புக் கார் மாதிரிச் செய்த நாற்காலியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். மெஷின் காதோரம் ஏறியபோது கழுத்தைக் குறுக்கிக்கொண்டு சிரித்தான். கூச்சம்.

"தங்கமான பையனுங்ணா. இந்தச் சத்தத்துக்கு அழுகாத கொழந்தைய இன்னைக்குத்தான் பாக்கறனுங்," என்றாள் முடிவெட்டும் பெண்.

அவன் சிரித்து வைத்தான்.

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் சொல்லியிருப்பான்.

பையனுக்கு இரண்டே கால் வயது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடலாம் என மனைவி சுகந்தி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் தடவை சொன்னபோது எரிந்து விழுந்தான். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் மூன்று வயதுக்கு மேல்தான் வாயைத் திறப்பார்கள் என்றான். அப்படி எவனும் இருந்ததில்லை என்பது அவனுக்கே தெரியும். அவனுடைய தம்பி ஒன்றரை வயதில் ஊரையே ஏசியவன்.

டாக்டரிடம் போகப் பயந்தவன், சனிக்கிழமைதோறும் மகனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனான்.

முதல் வாரம் பொம்மைக் கடை.

மகனுக்குப் பின்னால் நின்று ஒரு போலீஸ் ஜீப்பின் பொத்தானை அமுக்கினான். சைரன் அலறியது. பையன் வெடுக்கென்று திரும்பினான். தகப்பனுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. அங்கிருந்தே போன் செய்து, "திரும்பிட்டான் சுகந்தி," என்றான்.

ஜீப்பின் தலையில் நீல விளக்கும் சுழன்றது. எதிரே இருந்த கண்ணாடி அலமாரி முழுக்க அந்த நீலம் ஓடியது. ஜீப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

சுகந்தி குளிக்கப் போன நேரத்தில், மகனுக்குப் பின்னால் நின்று, விளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பொத்தானை அமுக்கினான். ஒரு தடவை. இரண்டு தடவை.

ஜீப் இப்போது பீரோவின் மேல் கிடக்கிறது, பழைய சூட்கேஸுக்குப் பின்னால்.

அடுத்த வாரம், பிளாஸ்டிக் பந்துகளுக்குள் குழந்தைகளைக் குதிக்க விடும் இடம். நேரம் முடிந்ததும் மணி அடித்தார்கள். எல்லாக் குழந்தைகளும் வாசலுக்கு ஓடின. பையனும் ஓடினான். கேட்டு ஓடினானா, பார்த்து ஓடினானா?

அன்றைக்கு அதை யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டான். ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

இன்று இந்தக் கடை.

கார் நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்ததும், நான்கடி தள்ளிப் பின்னால் போய் நின்று, "சேந்தா," என்று கூப்பிட்டான். பையன் நிமிர்ந்து பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

அப்புறம்தான் எதிரே தன் முகமும் தெரிவதைக் கவனித்தான்.

சுவர் முழுக்கக் கண்ணாடி.

மெஷின் நின்றது. சிறுமியின் அழுகை விம்மலாகக் குறைந்தது.

"முன்னால கொஞ்சம் கத்திரி போடோணுமுங்," என்றபடி அந்தப் பெண் கார் நாற்காலியை அரைவட்டம் சுற்றினாள். சேந்தன் இப்போது கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.

அவன் சுவரோரமாக நகர்ந்து நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் நடுவே போய் நின்றான். மகனின் பிடரி தெரிந்தது. புதிதாக வெட்டிய இடம் வெளுப்பாக இருந்தது. இரண்டு காதுகளும் அழகாக இருந்தன.

இங்கே விளக்கு இல்லை. பின்னாலேயே ஓடுவதற்கு வேறு குழந்தை இல்லை. பையனுக்கு எதிரே கண்ணாடியும் இல்லை.

கூப்பிடலாம்.

கூப்பிடாமலும் இருந்துவிடலாம். இன்னொரு சனிக்கிழமை கிடைக்கும்.

இவ்வளவு பயத்தோடு அவன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சேந்தா."

கன்னத்தில் கண்ணீர் காயாத அந்தச் சிறுமி திரும்பிப் பார்த்தாள். அவளைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவும் திரும்பினாள்.

சேந்தன் ஸ்டியரிங்கில் விழுந்த ஒரு முடியை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேந்தா!"

முடி விரலுக்கு அகப்படவில்லை. இன்னும் குனிந்து பார்த்தான்.

முடிவெட்டும் பெண்ணின் கத்திரி அந்தரத்தில் நின்றது. பையனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இந்த முறை அவள் பாராட்டவில்லை.

அவன் போனை எடுத்தான். மனைவியின் பெயரைத் தேடி அமுக்கினான்.

"சுகந்தி, நீ சொன்ன அந்த டாக்டர்கிட்ட நேரம் கேட்டுப் பாக்கலாமா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"செவ்வாக்கெழம காலைல பதினோரு மணிக்குங்க. போன வாரமே வாங்கி வச்சுட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"பீரோ மேல இருந்த ஜீப்ப நானும் எடுத்துப் பாத்தேனுங்க. வெளக்கப் பொத்திட்டு."

கத்திரி வேலை முடிந்து கார் நாற்காலி மறுபடியும் திரும்பியது. கண்ணாடிக்குள் அப்பாவைக் கண்டதும் சேந்தன் சிரித்தான்.

அவன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கையை உயர்த்தி ஆட்டினான்.