அறுபத்தெட்டில் நடந்தது

"அப்பா, அறுபத்தெட்டுல காலேஜ் ஆபீசைப் பிடிச்சு உக்காந்தீங்களே, உங்களை எப்படிக் கிளப்பினாங்க?"

பான்கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டான் கர்ட்டிஸ். 'முடி வளர்த்த கும்பலின் கதை' என்று இத்தனை வருஷம் காதில் வாங்காதவன். வெண்டல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உடம்பைத் தளர விட்டுடுவோம். ஒருத்தனைத் தூக்க நாலு பேர் வேணும்."

"கை கோத்துக்கிட்டா?"

"அடிச்சாலும் பிரிக்க முடியாது. அடிக்க அடிக்கப் பிடி இறுகும்."

"அப்புறம் எப்படி விட்டீங்க?"

"ஒரு போலீஸ்காரன் அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டிட்டான். சிரிச்சே மொத்த வரிசையும் கழண்டு போச்சு. வெளிய சொன்னா வெக்கக்கேடு."

கர்ட்டிஸ் சிரிக்காமல் குறித்துக்கொண்டான்.

"டெஸ்ஸா மூணு நாளா அதே காலேஜ் ஆபீஸ்லதான் உக்காந்திருக்கா. இன்னிக்கு நானும் போறேன்."

"உன் பொண்ணு. போய்த்தானே ஆகணும்."

கர்ட்டிஸ் எழுந்து போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"தடியெல்லாம் வேன்லயே இருக்கட்டும்னு என் ஆளுங்ககிட்ட சொல்லிடறேன்பா."

கார் தெருமுனை தாண்டியதும் வெண்டல் உச்சந்தலையைத் தடவினார். பதினொரு தையல் போட்ட தழும்பு விரலில் தட்டுப்பட்டது. அறுபத்தெட்டில் அவரை யாரும் கிச்சுகிச்சு மூட்டவில்லை.