யானையின் பின்னங்கால்

யானையின் பின்பக்கம் தும்மிய சத்தம் பன்னிரண்டு வருஷம் கழித்தும் தையல்காரம்மாவின் காதில் இருக்கிறது. ஓட்டம் தொடங்க விசில் ஊதப்போகிற நேரம். தெருவே சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உள்ளே குனிந்து நின்று தும்மியது அவள் புருஷன்.

காட்டு யானைகளின் வழித்தடத்தைக் காப்பாற்ற நிதி திரட்டும் வேஷ ஓட்டம் அது. மூன்று கிலோமீட்டர். புலியாக ஒரு பல் டாக்டர், மயில்களாக நாலு நர்சுகள். யானை மட்டும் இரண்டு ஆள் வேஷம். தலையும் முன்னங்கால்களும் ஒருத்தருக்கு. பின்னால் குனிந்தபடியே வர இன்னொருத்தர்.

தலைக்கு வந்தவர் கலெக்டர். நிஜக் கலெக்டர் இல்லை, தபால் ஆபீஸில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். எல்லாரையும் அதிகாரம் பண்ணுவதால் கிடைத்த பட்டம். அவரும் அவள் புருஷனும் முப்பது வருஷம் ஒரே மேஜையில் வேலை பார்த்து ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள்.

கலெக்டர் ஐந்தடி. புருஷன் ஆறடி. அவள் தைத்த யானை பள்ளத்தில் இறங்குகிற யானை மாதிரி நின்றது.

புருஷனுக்கு முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, குனியவே கூடாது என்று போன மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அளவெடுக்கும்போதே அவள் அதைக் கலெக்டரிடம் சொல்லி, இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பார்த்தாள்.

"தங்கச்சி, தலைன்னா அது நான்தான்," என்றார் கலெக்டர், கைகளை விரித்துக்கொண்டு. "இவன் வால். வேணும்னா அவனையே கேளு."

"ஆமாம்மா. வாலுக்குப் பொறுப்பு கம்மி," என்று இளித்தார் புருஷன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளாகவே கலெக்டரின் தோரணை தாங்கவில்லை. வீட்டுக்குள் வரும்போதுகூட ஜமீன்தார் மாதிரி புருஷனின் தோளில் கையை ஊன்றிக்கொண்டுதான் வருகிறார். காப்பியை மேஜையில் வைத்தால் எடுப்பதில்லை. கையில் கொடுக்க வேண்டுமாம். இந்த ஓட்டம் முடியட்டும், அப்புறம் இந்த ஆள் நம் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். தைக்கத் தைக்க, ஒவ்வொரு நூலிலும் அந்த முடிவுக்கும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

விசில் ஒலித்தது. தண்ணீர் பாட்டிலோடு அவளும் நடைபாதையில் கூடவே போனாள்.

முன்னங்கால்கள் ராஜநடை போட்டன. வழியெல்லாம் குழந்தைகள் ஓடிவந்து கலெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பின்னங்கால்கள் இழுத்து இழுத்து வந்தன. யானையின் வயிற்றுக்குள் புருஷனின் முணுமுணுப்பு ஓயவில்லை. வார்த்தை எதுவும் புரியவில்லை. முப்பது வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் இன்றைக்குத்தான் திருப்பிக் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். விடாதீங்க, நல்லாக் கேளுங்க என்று மனசுக்குள் எடுத்துக் கொடுத்தாள்.

பேக்கரி திருப்பத்தில் யானையின் தோளோரம் கிழிந்திருப்பதைப் பார்த்தாள். கிழிசல்கூட இல்லை, பிளேடால் வெட்டியது. நாலு விரல் நீளம். இடுக்கில் புருஷனின் கண் மினுங்கியது. வேடிக்கை பார்க்கவா என் தையலை அறுத்தார்? வீட்டுக்கு வரட்டும்.

ஆமை வேஷம் போட்டவர்கூட முந்திப் போய்விட்டார். யானைதான் கடைசி. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் எல்லாரும் கலெக்டரைத் தட்டிக்கொடுத்தார்கள். புருஷன் சாலையோரத்தில் மல்லாந்து கிடந்தார்.

வீட்டில் அவர் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, வேஷத்தை மடிக்க உட்கார்ந்தாள். யானைத் தலையை எடுத்தவள், விளையாட்டாகத் தன் தலையில் கவிழ்த்துப் பார்த்தாள்.

கும்மிருட்டு.

கண் எடுப்பாக இல்லையென்று, முந்தின நாள் கடைசி நேரத்தில் கண் ஓட்டைகளின் மேல் கறுப்பு வெல்வெட் ஒட்டியிருந்தாள். பசை காய்ந்ததும் நடுவில் வெட்டிவிடலாம் என்று வைத்தவள், வெட்டவே மறந்துவிட்டாள்.

"ஏங்க, பெரிய தப்புப் பண்ணிட்டேன். யானைக்குக் கண்ணே திறக்கலை. அவ்வளவு தூரமும் அண்ணன் இருட்டுலதான் ஓடியிருக்கார். ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

குப்புறப் படுத்திருந்த புருஷன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அவனுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காதும்மா," என்றார். "ஆறு மாசமா நிழல் மாதிரிதான் தெரிஞ்சுது. இந்த மாசம் அதுவும் போச்சு."

அவள் யானைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். வெளியூரில் இருக்கும் தன் மகளுக்குக் கண் போனது தெரிந்தால் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள், முப்பது வருஷம் புழங்கிய ஊரை விட்டுப் போக முடியாது, யாரிடமும் மூச்சு விடாதே என்று கலெக்டர் சத்தியம் வாங்கியிருந்தாராம். கடைசியாக ஒரு தடவை ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டாராம்.

"அப்ப அவரைப் பின்னாடி விட்டிருக்கலாமே. உங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சுலபமா வந்திருப்பார். இந்த முதுகை வச்சுக்கிட்டு நீங்க எதுக்குக் குனியணும்?"

"பின்னாடி விட்டா அவனுக்கு என் முதுகு மட்டும்தான். முன்னாடின்னா குழந்தைங்க கையாவது கிடைக்கும். மிச்சத்தை, யார் யார் நிக்கறாங்க, புலி எங்க தடுக்கி விழுந்துதுன்னு, நான் பார்த்துச் சொல்லிக்கிட்டே வந்தேன்."

மூன்றாம் வருஷம்தான் மகள் வந்து கலெக்டரை அழைத்துக்கொண்டு போனாள். அதுவரை மகள் போனில் அனுப்பிய செய்திகளை அவருக்கு வாசித்துக் காட்டியதும், அவர் அதிகாரம் துளியும் குறையாமல் பதில் தட்டி அனுப்பியதும் தையல்காரம்மாதான்.